கழற்றிய வன்தட்டும் கழலாத பெயரும்

சர்வர் பூட் ஆகும்போது, பச்சை நிற ‘ஓகே’ என்ற சொல்லோடு தொடங்கும் வரிகள் திரையில் கடகடவென ஓடும். என் பொறுப்பில் இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரில், அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு வரி மட்டும் சிவப்பாக வந்து போகும். ‘கிடங்கு-1’ என்ற பூலை இணைக்க முடியவில்லை என்பது அதன் பொருள். அடுத்த வரி மறுபடியும் பச்சை. சர்வர் அதைப் பொருட்படுத்தாமல் எழுந்து தன் வேலையைத் தொடங்கிவிடும்.

பூல் என்பது பல வன்தட்டுகளை ஒன்றாகக் கட்டி, ஒரே சேமிப்பிடமாகப் பயன்படுத்தும் ஏற்பாடு. கிடங்கு-1இல் நான்கு வன்தட்டுகள் இருந்தன. அவற்றுக்கு வயதாகிவிட்டதால் தகவல்களைப் புதிய பூலுக்கு மாற்றிவிட்டு, ஒன்றரை ஆண்டுக்கு முன்பே நான்கையும் கழற்றினேன். மூன்றை அலமாரியில் வைத்தேன். ஒன்றை ஒரு சோதனைக் கணினியில் மாட்டினேன். சர்வருக்கு மட்டும் இது தெரியவில்லை. எழும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை என்று சிவப்பில் எழுதுகிறது, மேலே போகிறது. வெளியூருக்குக் குடிபோனவரின் பெயர் ரேஷன் கார்டில் நீக்கப்படாமல் கிடப்பதைப் போலத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பெயரை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கால் மணி நேர வேலை என்று எண்ணியது மதியச் சாப்பாடு வரை நீண்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இதே வேலைக்கு ஒரே ஒரு குறி போதுமாக இருந்தது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் லினக்ஸ் பழகியது 1990களின் கடைசியில், கணினி இதழோடு வந்த சிடியைக் கொண்டு. அன்று வீட்டுக் கணினியின் வன்தட்டில் 4 ஜிபியோ 8 ஜிபியோ இருக்கும். இன்று ஒரே வன்தட்டு 20 டிபிக்கு மேல் கொள்கிறது. அன்றைய மதர்போர்டில் இரண்டு பட்டைக் கேபிள்கள். கேபிளுக்கு இரண்டாக மொத்தம் நான்கு இடங்கள். அதிலும் ஒன்றை சிடி டிரைவ் பிடித்துக்கொள்ளும். முதல் கேபிளின் முதல் வன்தட்டுக்கு எச்டிஏ என்று பெயர், இரண்டாவதற்கு எச்டிபி, மற்ற கேபிளில் எச்டிசி, எச்டிடி. ஒரே கேபிளில் எது மூத்தது, எது இளையது என்பதை வன்தட்டின் பின்பக்கத்தில் செருகிய ஜம்பர் என்ற சின்னஞ்சிறு பிளாஸ்டிக் தொப்பி முடிவு செய்யும். பெயர், வன்தட்டு உட்கார்ந்த இடத்துக்கு உரியது. இடம் மாறினால் பெயரும் மாறும்.

எந்த வன்தட்டை எங்கே இணைக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பு சொல்லும். இடிசி அடைவில் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பு அது. ஒரு வன்தட்டுப் பகுதிக்கு ஒரு வரி, ஒரு வரியில் ஆறு பத்திகள்: எந்தப் பகுதி, எந்த அடைவில் இணைப்பது, என்ன வகைக் கோப்பு முறைமை, என்னென்ன நிபந்தனைகள், பிறகு இரண்டு எண்கள். முதல் எண், காந்த நாடாவில் நகலெடுக்கும் டம்ப் என்ற பழைய நிரலுக்கானது. இரண்டாவது எண், பூட் ஆகும்போது வன்தட்டைச் சோதிக்கும் வரிசை: முதன்மைப் பகுதிக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதிக்கவே வேண்டாம் என்றால் 0. முழுக் கோப்பும் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். அதைப் படித்தால் அந்தக் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்பது முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒரு வன்தட்டை எடுக்க வேண்டுமென்றால் அந்தக் கோப்பைத் திறந்து, உரிய வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போடுவோம். ஹாஷில் தொடங்கும் வரியை இயந்திரம் படிக்காது. அவ்வளவுதான், அந்த வன்தட்டு இயந்திரத்தின் நினைவிலிருந்து போய்விட்டது. வரியை அழித்துவிடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. ஹாஷ் போட்டு, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதுவோம்: ‘சத்தம் வருகிறது, கழற்றியாச்சு’. பிறகு கணினியை அணைத்துக் கேபிளைப் பிடுங்கினால் வேலை முடிந்தது.

எல்லாமே எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அன்றைய பூட் நிரல் லிலோ. லினக்ஸின் மையமான கெர்னலின் கோப்பு வன்தட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்பதை அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றினாலும், வன்தட்டுகளை இடம் மாற்றினாலும் மறுபடி லிலோவை ஓட்டி அந்தக் குறிப்பைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் போச்சு. தன் பெயரின் நான்கு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதிக்கொண்டே பூட் ஆவது லிலோவின் வழக்கம். குறிப்பு பிசகினால் முதல் இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். திரையில் அந்த இரண்டெழுத்தைப் பார்த்தவுடன் மீட்புக்கு வைத்திருந்த ஃப்ளாப்பியைத் தேடி ஓடுவோம்.

எஃப்எஸ்டேப்பில் ஹாஷ் போட மறந்தாலும் அதே கதைதான். 2000களின் தொடக்கத்தில் வெளியூர்க் கிளை ஒன்றில் இப்படி நடந்தது. பழுதான இரண்டாவது வன்தட்டை அங்கே மெக்கானிக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். வரியை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை கணினி, இல்லாத வன்தட்டைச் சோதிக்கப் போய்த் தோற்று, பாதி வழியில் நின்றுவிட்டது. அலுவலகத்தைத் திறக்க வந்த வயதான உதவியாளர்தான் அங்கே இருந்தார். எஸ்டிடியில் பேசினோம்.

“என்னண்ணே தெரியுது ஸ்கிரீன்ல?”

“கறுப்பா இருக்கு தம்பி. வெள்ளை எழுத்துல பாஸ்வேர்டு கேக்குது.”

பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கோப்பைத் திறக்க வைத்தேன். உரிய வரியைக் கண்டுபிடிக்க வைத்தேன்.

“அந்த வரிக்கு முன்னால ஒரு ஹாஷ் போடுங்கண்ணே.”

“ஹாஷுன்னா?”

“போன்ல பூஜ்யத்துக்கு வலது பக்கம் கட்டம் மாதிரி ஒண்ணு இருக்குமே, அது.”

“ஆங், அதுவா. போட்டாச்சு.”

சேமிக்கச் சொன்னால், ‘ரீட் ஒன்லி’ என்கிறது என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நிலையில் நிற்கும் கணினி முதன்மைப் பகுதியைப் படிக்க மட்டும் திறந்து வைத்திருக்கும். எழுதும் அனுமதியோடு மறுபடி இணைத்த பிறகுதான் எதையும் மாற்ற முடியும். அந்தக் கட்டளையை முதலில் சொல்ல மறந்தது என் தவறு. எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்தோம். ஐம்பது நிமிடம் ஆனது. கணினி எழுந்ததும் அவர், “இத்தனையும் அந்தக் கட்டத்துக்குத்தானா தம்பி?” என்று கேட்டார்.

ஆமாம், அதற்குத்தான். குறி ஒன்று, இடம் ஒன்று. அது இல்லாவிட்டால் முழு இயந்திரமும் நின்றது.

பிறகு நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டு இறுதியில் இஎக்ஸ்டி3 கோப்பு முறைமை லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. அதுவரை இருந்த இஎக்ஸ்டி2இல் மின்சாரம் திடீரென்று போனால், அடுத்த பூட்டில் வன்தட்டு முழுவதையும் சோதித்தாக வேண்டும். மின்சாரம் போகாவிட்டாலும் ஏறக்குறைய இருபது, முப்பது பூட்டுக்கு ஒருமுறை, அல்லது 180 நாளுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம். திரையில் சதவீதம் ஊர்ந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்போம். இஎக்ஸ்டி3 செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். மின்சாரம் போய் வந்தால் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். நிமிடங்கள் நொடிகளாயின.

வன்தட்டுகளின் பெயரும் மாறியது. 2003இல் வந்த யூடெவ், சாதனங்களுக்கு அவற்றின் அடையாளத்தை வைத்துப் பெயர் சூட்ட வழி செய்தது. 2007 வாக்கில், கெர்னலின் டிரைவர்கள் மாறியதால், எச்டிஏ என்று இருந்தவை எல்லாம் எஸ்டிஏ ஆயின. பழைய பெயரைக் கையால் எழுதிவைத்திருந்த எஃப்எஸ்டேப் கோப்புகள் ஒரே மேம்படுத்தலில் செல்லாதவையாயின. எந்தக் கேபிளில் இருந்தாலும் மாறாத அடையாளம் வேண்டும் என்று யூயூஐடியைப் பழகினோம். முன்பு எழுதிய முழுப்பெயருக்கு 9 எழுத்து; புதிய அடையாளத்துக்கு 36. பழையதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். புதியதை ஒட்டத்தான் முடியும், சொல்ல முடியாது.

ஆனாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. பெயர் இடத்திலிருந்து பிரிந்து வன்தட்டோடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் கேபிளை எங்கே மாற்றிச் செருகினாலும் கணினி சரியான வன்தட்டைக் கண்டுபிடித்தது. தான் யார் என்பதை வன்தட்டே சொல்லும் காலம் அங்கேதான் தொடங்கியது.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை அதை இன்னும் பல படி மேலே கொண்டுபோனது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக்கும் மேத்யூ அரென்ஸும் 2001இல் தொடங்கிய வேலை அது. 2005இல் சோலாரிஸ் இயங்குதளத்தின் மூல நிரலில் சேர்ந்தது. அதன் உரிமமும் லினக்ஸ் கெர்னலின் உரிமமும் ஒத்துப்போகாததால் லினக்ஸுக்கு நேரடியாக வர முடியவில்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிரையன் பெலன்டார்ஃப் முன்னின்று செய்த முயற்சியால், தனியே ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாக அது லினக்ஸில் இயங்கத் தொடங்கியது. 2013இல் பொதுப் பயன்பாட்டுக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்டது. 2016இல் உபுண்டு அதைத் தன்னோடு சேர்த்தே தந்தது.

கிடங்கு-1 போன்ற இசட்எஃப்எஸ் பூலுக்கு எஃப்எஸ்டேப்பில் வரி தேவையில்லை. தன்னைப் பற்றிய விவரத்தைப் பூல் தன்னுள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு வன்தட்டிலும் நான்கு லேபிள்கள், ஒவ்வொன்றும் 256 கேபி. இரண்டு தொடக்கத்தில், இரண்டு கடைசியில். பூலின் பெயர் என்ன, தன்னோடு சேர்ந்தவை எவை, கடைசியாக எந்தக் கணினியில் இருந்தது எல்லாம் அதில் இருக்கும். ஒரு பக்கம் சிதைந்தாலும் மறுபக்கத்தைப் படித்து எழுந்துவிடலாம். பழைய வன்தட்டில், முதல் 512 பைட்டில் இருந்த பகுதி அட்டவணை போனால் எல்லாம் போன மாதிரிதான். அப்போது 512 பைட்டை நம்பி இருந்தோம். இப்போது ஒரு வன்தட்டில் மட்டுமே ஒரு எம்பி அளவுக்கு அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது.

பூட் முறையும் இதற்குள் வேறாகிவிட்டது. முன்பு இனிட் நிரல், எண் போட்ட ஸ்கிரிப்டுகளை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். அந்த அடைவைத் திறந்து பட்டியலிட்டால் எது முன், எது பின் என்று கண்ணால் பார்த்துவிடலாம். 2010இல் வந்த சிஸ்டம்டி, ஒன்றையொன்று சார்ந்திராத வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டியது. 2015இல் டெபியன் 8 அதையே இயல்பாக எடுத்துக்கொண்டது. வரிசை இருந்த இடத்தில் ஒரு வலை வந்தது. பூட் வேகம் கூடியது. எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அறிய மட்டும் தனிக் கட்டளை வேண்டியிருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

தோற்ற சேவைகளின் பட்டியலைக் கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. பூலை உருவாக்கியபோது சர்வரின் நிர்வாக மென்பொருள், அந்தப் பூலுக்கென்றே ஒரு சேவையை உண்டாக்கி, பூட்டில் சேர்த்து வைத்திருக்கிறது. அதை நிறுத்தினால் போதும் என்று பெயரைத் தட்டினேன். அப்படியொரு சேவையே இல்லை என்றது. கண்ணெதிரே பட்டியலில் இருப்பதை இல்லை என்கிறதே என்று பெயரை உற்றுப் பார்த்தேன். ‘கிடங்கு’க்கும் ‘1’க்கும் நடுவே நான் வைத்த சிறு கோடு அங்கே இல்லை. அதன் இடத்தில் ஒரு பின்சாய்கோடு, எக்ஸ், 2, டி என்று நான்கு எழுத்து இருந்தது. சிஸ்டம்டி தன் பெயர்களில் சாய்கோட்டுக்குப் பதிலாகச் சிறு கோட்டைப் பயன்படுத்துவதால், உண்மையான சிறு கோட்டை இப்படி மாற்றி எழுதும். அதை அப்படியே தட்டினால் பின்சாய்கோட்டை, கட்டளைகளை வாங்கும் ஷெல் விழுங்கிவிடும். மேற்கோள் குறிக்குள் வைத்துத் தட்டிய பிறகுதான் சேவை நின்றது. பெயர் வைத்த அன்று அழகுக்காகப் போட்ட ஒரு கோட்டுக்கு, ஆண்டுகள் கழித்து அரை மணி நேரம் கொடுத்தேன்.

மறுதொடக்கம் செய்தேன். அந்தச் சிவப்பு வரி போயிருந்தது. வேறொரு சிவப்பு வரி வந்திருந்தது. இது பொதுவான சேவை: கேச் கோப்பில் பெயர் உள்ள பூல்களை எல்லாம் இணைப்பது இதன் வேலை. அந்தக் கோப்பில் இன்னும் கிடங்கு-1 இருந்தது. இது எஃப்எஸ்டேப் போல மனிதர் படிக்கும் கோப்பு அன்று. இயந்திரம் தனக்காக எழுதிக்கொள்வது. திறந்தால் பாதிக்கு மேல் புரியாத குறிகள். ஹாஷ் போட அதில் இடமில்லை. கோப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, உயிரோடு இருக்கும் பூல்களைக் கொண்டு புதிதாக எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

அதன் நகல் ஒன்று இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்புக்குள்ளும் இருந்தது. முதன்மைப் பகுதியை இணைப்பதற்கு முன்பே கெர்னல் நினைவகத்தில் விரித்துக்கொள்ளும் தற்காலிகக் கூடாரம் அது. வெளியே கோப்பை மாற்றினாலும், கூடாரத்தை மறுபடி கட்டும்வரை உள்ளே பழைய நகல்தான். லிலோவை மறுபடி ஓட்ட மறந்த அந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. நிரல் மாறியிருக்கிறது; எழுதியது ஒன்று, இயந்திரம் படிப்பது வேறொன்று என்ற நிலை மாறவில்லை.

நிர்வாக மென்பொருளின் சேமிப்பிடப் பட்டியலில் ஒரு வரி, இரவு நகலெடுக்கும் ஸ்கிரிப்டில் ஒரு வரி, கண்காணிப்பு நிரலில் ஒரு வரி என்று இன்னும் மூன்று இடங்களில் பெயர் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் சோதனைக் கணினியை நினைத்தேன். நான்கில் ஒரு வன்தட்டு அங்கேதான் ஓடுகிறது. புதிதாகப் பிரித்து, ஃபார்மேட் செய்து மாட்டியது. ஒரு சந்தேகத்தில், இணைக்கக்கூடிய பூல்கள் ஏதாவது இருக்கின்றனவா என்று அங்கே கேட்டேன். கிடங்கு-1 என்று பதில் வந்தது. வேறொரு கணினியின் பயன்பாட்டில் இருந்த பூல் என்றது. மற்ற மூன்று வன்தட்டுகளின் அடையாளங்களையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றின் எதிரிலும் காணவில்லை என்றது. ஃபார்மேட் செய்தபோது முன்பக்க லேபிள்கள் அழிந்திருக்கின்றன; கடைசியில் இருந்தவை பிழைத்திருக்கின்றன.

அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாகப் பிரிந்து வந்த ஒன்று, கூட இருந்தவற்றை மறக்காமல் வைத்திருந்தது. பிறகு அந்த வன்தட்டில் இருந்த சில கோப்புகளை நகலெடுத்துக்கொண்டு, லேபிள்களைத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன், வன்தட்டின் மேல் ஒட்டியிருந்த வரிசை எண்ணைத் திரையில் இருந்த எண்ணோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்தேன். தவறான வன்தட்டில் அந்தக் கட்டளையைக் கொடுத்தால் போனது போனதுதான். அந்தப் பயம் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இத்தனைக்கும் காரணம் என் பழைய பழக்கம். இசட்எஃப்எஸ்ஸில் இரண்டு சொற்கள் உண்டு: இம்போர்ட், எக்ஸ்போர்ட். வன்தட்டுகளை எடுப்பதற்கு முன் பூலை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அப்போது பூல், தான் யாருடைய பயன்பாட்டிலும் இல்லை என்று லேபிளில் குறித்துக்கொள்ளும்; கேச் கோப்பிலிருந்தும் பெயர் தானாகப் போய்விடும். நான் அன்று செய்தது, 1999இல் செய்ததையேதான்: அணைத்தேன், கழற்றினேன். அந்த நாளில் அது போதும், ஏனென்றால் இயந்திரத்துக்குச் சொந்தமாக நினைவு கிடையாது. இன்றைய இயந்திரத்திடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனால், அது தேடிக்கொண்டே இருக்கும்.

கிடைத்தவை எவை என்று எண்ணிப் பார்த்தால் பட்டியல் பெரியது. முதலாவது, இயந்திரம் நிற்கவில்லை. ஒன்றரை ஆண்டு அந்தச் சிவப்பு வரி வந்துகொண்டிருந்தும் சர்வர் ஒருநாள்கூடப் பாதி வழியில் நின்றதில்லை. இல்லாத வன்தட்டுக்காக அன்றைய கணினி ஓர் ஆள் வரும்வரை காத்திருந்தது. இன்று எஃப்எஸ்டேப்பில் எழுதிய வன்தட்டு காணாமல் போனால் சிஸ்டம்டி வழக்கமாக 90 நொடி காத்திருக்கும். பிறகு அவசர நிலைக்குப் போகும். ‘நோஃபெயில்’ என்று நாம் முன்பே எழுதியிருந்தால் அதற்காகக் காத்திருக்காமல் மேலே போகும். தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நெட்வொர்க் வழியாக நுழைந்து நானே சரிசெய்கிறேன். காலையில் அலுவலகம் திறக்க வந்தவரை ஐம்பது நிமிடம் உட்கார வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தகவல் பத்திரமாக இருக்கிறது. பழைய சோதனை, கோப்பு முறைமையின் கட்டமைப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கோப்புக்குள் இருக்கும் எழுத்து மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. ஸ்க்ரப் என்ற சோதனையில், பூலில் எழுதிய எல்லாவற்றையும் படித்து அந்த எண்ணோடு ஒப்பிடுகிறது. பிழை இருந்தால் நல்ல நகலைக் கொண்டு திருத்துகிறது. இதற்காக சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்த வேலை இப்போது நாம் தூங்கும்போது நடக்கிறது.

இழந்தது ஒன்றே ஒன்று, அதைச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கோப்பைப் படித்து ஓர் இயந்திரத்தை முழுக்க அறிந்துகொள்ளும் வசதி போய்விட்டது. அன்று இயந்திரத்தின் நினைவு முழுவதும் நாங்கள் எழுதியது. எங்கே எழுதினோமோ அங்கேயே அழித்தோம். இன்று அது தானாக எழுதிக்கொள்கிறது, பல இடங்களில், பல நகல்களாக. நம்மைக் கேட்டு எழுதாததால் எங்கெங்கே எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. பிழை வரும்போதுதான் ஒவ்வோர் இடமாகத் தெரியவருகிறது.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. பழைய முறையில் ஹாஷ் போட்டு விட்ட வரி அங்கேயே இருக்கும். பத்து ஆண்டு கழித்து வந்த நிர்வாகிகூட அதைப் படித்து, இங்கே இப்படி ஒரு வன்தட்டு இருந்தது, இந்தத் தேதியில் சத்தம் வந்ததால் கழற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். இயந்திரம் மறந்துவிடும், கோப்பைத் திறக்கிறவருக்குத் தெரியும். இசட்எஃப்எஸ்ஸும் வரலாறு எழுதாமல் இல்லை. பூலை உருவாக்கிய நாளிலிருந்து அதில் மாற்றம் செய்த கட்டளைகளைத் தேதி, நேரத்தோடு பதிந்து வைக்கிறது. ஆனால் அந்தப் பதிவேடு பூலுக்குள்ளேயே இருக்கிறது. பூல் போகும்போது பதிவேடும் கூடவே போய்விடுகிறது. சேவையை நீக்கி, கேச் கோப்பைப் புதுப்பித்து, பட்டியல்களில் பெயரை எடுத்த பிறகு, கிடங்கு-1 என்று ஒன்று இருந்ததற்கு அந்த சர்வரின் எந்த அமைப்புக் கோப்பிலும் ஓர் எழுத்து மிச்சமில்லை. ஒன்றரை ஆண்டாக அதை நினைவில் வைத்திருந்தது அந்தச் சிவப்பு வரி ஒன்றுதான்.

மதியம் கடைசியாக ஒருமுறை மறுதொடக்கம் செய்தேன். பச்சை வரிகள் மட்டும் ஓடின. தோற்ற சேவைகளின் பட்டியலைக் கேட்டேன். 0 என்று வந்தது.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் சொல்வது இரண்டு. வன்தட்டில் கை வைப்பதற்கு முன் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எடுத்த பிறகு, அதைப் பற்றி எங்காவது ஒரு வரி எழுதி வையுங்கள்.

அன்று மதியம் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்தேன். இப்போது அதில் மூன்றே வரிகள். நான்காவதாக ஒரு ஹாஷ் போட்டு, கிடங்கு-1 என்ற பெயரையும், நான்கு வன்தட்டுகளின் வரிசை எண்களையும், எப்போது எதற்காகக் கழற்றினேன் என்பதையும் எழுதிச் சேமித்தேன். அந்த வரியை இயந்திரம் படிக்காது.